போஸ்ட் மட்டும் 403 என்று திரும்பும்போது: மேம்பாட்டுக் கணினியில் ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்துப் பார்ப்பது

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் ரியாக்டில் எழுதப்பட்டு, வீட் என்ற மேம்பாட்டு சர்வரில் 5173-ஆம் போர்ட்டில் ஓடுகிறது. பின்பக்கம் ஜாங்கோவில், 8000-இல் ஓடுகிறது. ஏபிஐ பாதைகளை 8000-க்கு அனுப்பும்படி வீட் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தரவைக் கேட்டு வாங்கும் கெட் கோரிக்கைகள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. படிவத்தைச் சமர்ப்பிக்கும் போஸ்ட் மட்டும் 403 (அனுமதி மறுப்பு) என்று திரும்புகிறது. ஆரிஜின், அதாவது கோரிக்கை புறப்பட்ட பக்கத்தின் முகவரி, நம்பகமான பட்டியலில் இல்லை என்கிறது ஜாங்கோ. உலாவியின் டெவ்டூல்ஸைத் திறந்தாலோ ஹோஸ்ட் (கோரிக்கை எந்த சர்வருக்கு என்பது), ஆரிஜின் ஆகிய இரண்டு ஹெடர்களிலும், அதாவது கோரிக்கையோடு செல்லும் தலைப்பு வரிகளிலும், லோக்கல்ஹோஸ்ட் (சொந்தக் கணினி) 5173 என்றுதான் இருக்கிறது. நடுவே ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை, அதாவது சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அதற்குக் கடத்தும் நிரலை, வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அதை எங்கே வைப்பது, எந்தக் கருவியைக் கொண்டு, எதைக் கவனிப்பது என்று கேட்கிறீர்கள்.

இந்த 403-க்கான காரணத்தை இப்போதே ஊகித்துச் சொல்லிவிட முடியும். ஆனால் ஊகத்தைச் சரிபார்க்கும் வழி கையில் இருந்தால் அடுத்த சிக்கலுக்கு யாரையும் கேட்க வேண்டியிராது என்பதால், பார்க்கும் வழியையே விரிவாகச் சொல்கிறேன். காரணம் அதன் போக்கில் வெளிப்பட்டுவிடும். தொடக்கத்திலேயே மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. நடுவில் வைக்கப்படும் ப்ராக்ஸி வெறும் பார்வையாளர் அல்ல. அது வாடிக்கையாளரிடம் (கோரிக்கை அனுப்பும் நிரலிடம்) சர்வராகவும், சர்வரிடம் வாடிக்கையாளராகவும் பேசுகிறது. பேசும்போது சிலவற்றை மாற்றியும் அனுப்புகிறது. எதை மாற்றுகிறது என்று தெரியாமல் அதன் திரையில் தெரிவதை நம்பினால், இல்லாத பிழையைத் துரத்த நேரும்.

டெவ்டூல்ஸ் ஏன் போதவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். அது காட்டுவது உலாவி எதை அனுப்பியது என்பதை மட்டுமே. உங்கள் அமைப்பில் உலாவி பேசுவது வீட் சர்வரோடு. ஜாங்கோவோடு பேசுவது வீட் சர்வர். அந்த இரண்டாவது உரையாடலை உலாவி பார்ப்பதே இல்லை, ஆகவே காட்டவும் முடியாது. ஜாங்கோவின் பதிவேடு மறுமுனையில் வந்து சேர்ந்ததைச் சொல்லும்; ஆனால் மிடில்வேர்கள் (கோரிக்கை உங்கள் நிரலைச் சேரும் முன் அதைச் சோதிக்கும் இடை அடுக்குகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் கையாண்ட பிறகு, பெரும்பாலும் ஒற்றை வரியில்தான் சொல்லும். நீங்கள் ஏற்கெனவே ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்: வீட் சர்வரின் அந்த ஒற்றை வரி அமைப்பு அதுதான். அதற்குப் பார்க்கும் சாளரம் இல்லை என்பதுதான் குறை.

அடுத்த ஐயம், சாதாரண ப்ராக்ஸியே போதாதா என்பது. ஃபார்வர்ட் ப்ராக்ஸி என்றால், உலாவியிடமோ இயங்குதளத்திடமோ எல்லாவற்றையும் இதன் வழியாக அனுப்பு என்று சொல்லிவைப்பது. எரிக் லாரன்ஸ் 2003-இல் வெளியிட்ட ஃபிட்லர் முதல் சார்ல்ஸ் வரை பெயர்பெற்ற கருவிகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் பயன்படுத்தப்படுகின்றன. உங்கள் நிலையில் இதில் இரண்டு தடைகள் உண்டு. குரோமும் ஃபயர்பாக்ஸும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிகளை இயல்பாகவே ப்ராக்ஸிக்கு அனுப்புவதில்லை. ப்ராக்ஸியை ஒழுங்காக அமைத்துவிட்டு, திரையில் ஒன்றுமே வரவில்லையே என்று திகைப்பவர்கள் பலரும் இங்கேதான் நிற்கிறார்கள். ஃபயர்பாக்ஸில் இதை மாற்ற ஒரு மறைவான அமைப்பு உண்டு. குரோமைத் தனி விருப்பத்தோடு தொடங்க வேண்டும். இரண்டாவது தடை, உலாவி அல்லாத நிரல்கள். சூழல் மாறியில் ப்ராக்ஸி முகவரியைக் கொடுத்தாலும் எல்லா நூலகங்களும் அதை மதிப்பதில்லை. கோ மொழியின் நிலையான எச்டிடிபி தொகுப்போ, இலக்கு லோக்கல்ஹோஸ்டாக இருந்தால் அந்த மாறியை வேண்டுமென்றே புறக்கணிக்கிறது. வீட் சர்வருக்கும் ஜாங்கோவுக்கும் இடையிலான உரையாடலை ஃபார்வர்ட் ப்ராக்ஸியைக் கொண்டு பிடிப்பது ஆகையால் எளிதன்று.

ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு இந்தத் தடைகள் இல்லை. வாடிக்கையாளருக்கு அங்கே ஒரு ப்ராக்ஸி இருப்பதே தெரிய வேண்டியதில்லை. அதைத்தான் சர்வர் என்று எண்ணிப் பேசும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு முகவரி. இரண்டு பக்கமும் வெற்று எச்டிடிபியாக இருந்தால் சான்றிதழ் எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை.

கருவியைப் பொறுத்தவரை என் பரிந்துரை மிட்ம்ப்ராக்ஸி. ஆல்டோ கோர்டேசி 2010-இல் தொடங்கிய, பைத்தானில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது. ஒரே உள்ளமைப்புக்கு மூன்று முகங்கள் உண்டு: முனையத்தில் ஊடாடும் மிட்ம்ப்ராக்ஸி, உலாவியில் திறக்கும் மிட்ம்வெப், எதையும் கேட்காமல் வரிவரியாக அச்சிடும் மிட்ம்டம்ப். தொடங்குபவர்களுக்கு மிட்ம்வெப் வசதி. என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே கணினியில் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட அந்த சர்வர் நேரடிச் சூழலுக்கு (பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் தளத்துக்கு) மிகவும் ஏற்றது. ஆனால் அதன் பதிவேடு நாம் பெயர் சொல்லிக் கேட்ட ஹெடர்களை மட்டுமே எழுதும், மறுமொழியின் உடலைத் தானாக எழுதாது, கோரிக்கையை நடுவில் நிறுத்தித் திருத்த விடாது. நேரடிச் சூழலைச் சொந்தக் கணினியில் ஒத்திகை பார்க்க என்ஜின்எக்ஸ், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மிட்ம்ப்ராக்ஸி என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

இப்போது இடம். உங்கள் சங்கிலியில் இரண்டு கண்ணிகள் உள்ளன: உலாவிக்கும் வீட் சர்வருக்கும் இடையே ஒன்று, வீட் சர்வருக்கும் ஜாங்கோவுக்கும் இடையே ஒன்று. முதல் கண்ணியில் நடப்பதை டெவ்டூல்ஸ் ஏறக்குறைய முழுதாகவே காட்டிவிடுகிறது. இருட்டாக இருப்பது இரண்டாவது. அங்கேதான் ப்ராக்ஸி போக வேண்டும். பலர் பழக்கத்தினால் உலாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டெவ்டூல்ஸ் சொன்னதையே இன்னொரு திரையில் மறுபடியும் படிக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. மிட்ம்வெப் நிரலை ரிவர்ஸ் முறையில் தொடங்குங்கள். இலக்கு 127.0.0.1-இன் 8000, கேட்கும் முகவரி 127.0.0.1, கேட்கும் போர்ட் 9000. போர்ட் சொல்லாவிட்டால் இயல்பாக 8080-ஐ எடுத்துக்கொள்ளும். பார்க்கும் சாளரம் 8081-இல் திறக்கும். அண்மைப் பதிப்புகளில் அந்தச் சாளரத்தின் முகவரியோடு ஒரு டோக்கனும் சேர்ந்து வரும். முனையத்தில் அச்சிடப்படும் முகவரியை முழுதாக நகலெடுத்துத் திறந்தால்தான் உள்ளே விடும். பிறகு வீட் அமைப்புக் கோப்பில் 8000 என்று இருந்த இலக்கை 127.0.0.1-இன் 9000 என்று மாற்றி வீட் சர்வரை மறுபடி தொடங்குங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்குப் பதிலாக எண் முகவரியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோட் 17-ஆம் பதிப்பிலிருந்து, அந்தப் பெயருக்கு இயங்குதளம் தரும் முகவரிகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறது. பல கணினிகளில் ஐபி 6 முகவரிதான் முதலில் வரும். ஜாங்கோவின் மேம்பாட்டு சர்வரோ இயல்பாக 127.0.0.1-இல் மட்டுமே கேட்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

தொடங்கும்போது இன்னொரு விருப்பத்தையும் கட்டாயம் இயக்கிவிடுங்கள். இந்தப் பதிலில் மிக முக்கியமான வரி இதுதான். மிட்ம்ப்ராக்ஸி ரிவர்ஸ் முறையில் வந்த கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரை இயல்பாகவே இலக்கின் முகவரியாக மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே நடந்துவிடுவதால், திரையில் தெரிவது வாடிக்கையாளர் அனுப்பிய ஹோஸ்ட் அல்ல, ப்ராக்ஸி எழுதிய ஹோஸ்ட். கீப்-ஹோஸ்ட்-ஹெடர் என்ற விருப்பத்தை இயக்கினால் வந்தது வந்தபடியே செல்லும். பொது இணையத்தில் உள்ள ஒரு சர்வரை இலக்காக வைத்தால் இயல்பான மாற்றம் தேவைப்படும், ஏனென்றால் அங்கே ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருக்கும், ஹோஸ்ட் பெயரைக் கொண்டுதான் தளம் தேர்ந்தெடுக்கப்படும். சொந்தக் கணினியில் இரண்டு நிரல்களுக்கு நடுவே வைக்கும்போது அதே உதவி உபத்திரவமாகிறது.

இந்த நடத்தை கருவிக்குக் கருவி மாறுகிறது. என்ஜின்எக்ஸ் தனியாகச் சொல்லாவிட்டால் ஹோஸ்டை இலக்கின் பெயராக மாற்றும். அப்பாச்சியின் ப்ராக்ஸி மாட்யூலும் அவ்வாறே. கேடி சர்வர் வந்த ஹோஸ்டை அப்படியே விட்டுவிடும். ஒருவர் கேடியை வைத்துப் பார்த்துப் பிழையே இல்லை என்பதும், அருகில் இருப்பவர் என்ஜின்எக்ஸ் வைத்து 403 வருகிறது என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இனி உலாவியில் 5173-ஐத் திறந்து, அந்தப் படிவத்தைச் சமர்ப்பியுங்கள். மிட்ம்வெப் சாளரத்தில் போஸ்ட் கோரிக்கை விழும். வரிசை நீளமாக இருந்தால் முறை போஸ்ட், நிலைக்குறி 403 என்று வடிகட்டிக்கொள்ளலாம். ஹெடர்களைப் பாருங்கள். ஆரிஜின் லோக்கல்ஹோஸ்ட் 5173 என்றே இருக்கும், ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் 9000 என்று இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. உலாவி அனுப்பிய ஹோஸ்ட் 5173. இங்கே வந்து சேர்ந்தது 9000. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வீட் சர்வர் ஒன்றுதான், ஆகவே மாற்றியது அதுவே. அமைப்புக் கோப்பில் இலக்கை வெறும் சரமாக எழுதினால், சேஞ்ச்-ஆரிஜின் என்ற விருப்பத்தை வீட் தானாகவே இயக்கிக்கொள்கிறது. பெயர் எப்படி இருந்தாலும் அந்த விருப்பம் ஆரிஜின் ஹெடரைத் தொடுவதில்லை. ஹோஸ்டை மட்டும் இலக்கின் முகவரியாக மாற்றுகிறது. நடுவில் ப்ராக்ஸி இல்லாத நாள்களில் ஜாங்கோவுக்குப் போன ஹோஸ்ட் 8000 என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஜாங்கோ இதை ஏன் மறுக்கிறது? நான்காம் பதிப்பிலிருந்து அதன் சிஎஸ்ஆர்எஃப் மிடில்வேர் (பிற தளங்கள் பயனரின் பெயரில் அனுப்பும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் அடுக்கு), தரவை மாற்றக்கூடிய கோரிக்கைகளில் ஆரிஜின் ஹெடர் இருந்தால், அதைக் கோரிக்கையின் நெறிமுறையும் ஹோஸ்டும் சேர்ந்த முகவரியோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக இல்லாமலும், நம்பகமான ஆரிஜின்களின் பட்டியலில் அந்த முகவரி இல்லாமலும் இருந்தால் 403. கெட் கோரிக்கைக்கு இந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் பாதி வேலை செய்து பாதி நின்றது.

ஆனாலும் இதுவரை கண்டது பொருத்தம்தான், நிரூபணம் அன்று. ரிவர்ஸ் ப்ராக்ஸியின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. போஸ்ட் கோரிக்கைகளை இடைமறிக்கும்படி மிட்ம்வெப்பில் ஒரு வடிகட்டியை அமையுங்கள். படிவத்தை மறுபடி சமர்ப்பித்தால் கோரிக்கை நடுவில் நின்றுவிடும், உலாவி காத்துக்கொண்டிருக்கும். ஹோஸ்ட் ஹெடரை மட்டும் லோக்கல்ஹோஸ்ட் 5173 என்று திருத்தி, மேலே போக விடுங்கள். இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. ஐயம் இன்னும் இருந்தால் மறுபக்கமிருந்தும் சோதிக்கலாம்: ஹோஸ்டை விட்டுவிட்டு, ஆரிஜினை 127.0.0.1-இன் 9000 என்று திருத்தி அனுப்புங்கள். அதுவும் ஏற்கப்பட வேண்டும். ஒரு ஹெடரை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து, விளைவு மாறுகிறதா என்று பார்ப்பது, நிரலில் அங்குமிங்கும் அச்சிடும் வரிகளைச் சேர்த்து ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல். அதே கோரிக்கையைப் படிவத்தை நிரப்பாமல் மறுபடி அனுப்பவும் ஒரு பொத்தான் உண்டு. ஜாங்கோவின் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் ஒருமுறை பயன்படுத்தியதும் காலாவதியாகும் வகை அன்று என்பதால், அமர்வு உயிரோடு இருக்கும்வரை அந்த மறு அனுப்பல் வேலை செய்யும்.

திருத்தம் எளிது. வீட் அமைப்பில் இலக்கைச் சரமாக எழுதாமல் ஆப்ஜெக்டாக எழுதினால் சேஞ்ச்-ஆரிஜின் இயல்பாக அணைந்தே இருக்கும். உலாவி அனுப்பிய ஹோஸ்ட் மாறாமல் ஜாங்கோவைச் சேரும். அல்லது ஜாங்கோவின் நம்பகமான ஆரிஜின் பட்டியலில் 5173 முகவரியைச் சேர்க்கலாம். நான்காம் பதிப்பிலிருந்து அதில் எச்டிடிபி என்ற நெறிமுறையையும் சேர்த்தே எழுத வேண்டும். நான் முதலாவதைத் தேர்வேன், ஏனென்றால் ஹோஸ்ட் மாறாமல் வந்துசேர்வதுதான் ஒழுங்காக அமைக்கப்பட்ட நேரடிச் சூழலை ஒத்திருக்கிறது. அந்தப் படிவத்தைக் கையாளும் வியூவுக்கு மட்டும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையை விலக்கிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாதுகாப்பை மட்டும் கழற்றுகிறது. நேரடிச் சூழலில் என்ஜின்எக்ஸ் அமைப்பில் ஹோஸ்ட் ஹெடரை அனுப்பும் வரியை மறந்தால் இதே 403 அங்கும் முளைக்கும். டிஎல்எஸ் குறியாக்கம் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடும் அமைப்பில் ஹோஸ்ட் சரியாக இருந்தும் நெறிமுறை பொருந்தாமல் போகலாம்: உலாவியின் ஆரிஜின் எச்டிடிபிஎஸ் என்று சொல்ல, ஜாங்கோ தனக்கு வந்தது எச்டிடிபி என்று எண்ணிக்கொள்ளும். உலாவி எந்த நெறிமுறையில் வந்தது என்று ப்ராக்ஸி சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை நம்பும்படி ஜாங்கோவில் அமைப்பது அதற்கு வழி. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தானாகவே அந்த ஹெடரை எழுதி அனுப்பினால் அதை நீக்கிவிடும் ப்ராக்ஸி முன்னால் இருக்கும்போது மட்டும்தான் அப்படி அமைக்க வேண்டும். மிட்ம்ப்ராக்ஸியில் ஹெடர்களைச் சேர்க்கும் விருப்பம் உள்ளதால், இந்த நிலையையும் சொந்தக் கணினியிலேயே உருவாக்கிப் பார்க்கலாம்.

மேலே சொன்னது ப்ராக்ஸியைச் சரியான இடத்தில், சரியான விருப்பத்தோடு வைத்த கதை. ஹோஸ்டை மாற்றவிட்டு, ஜாங்கோவே பக்கங்களைத் தரும் ஒரு தளத்தின் முன்னால் அதை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உலாவியின் ஆரிஜின் 9000, ஜாங்கோ பார்க்கும் ஹோஸ்ட் 8000; அதுவரை ஒழுங்காக இருந்த படிவங்களும் 403 தரத் தொடங்கியிருக்கும். பார்க்க வைத்த கருவியே பிழையை உண்டாக்கும் நிலை இது. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால், ப்ராக்ஸி இல்லாமல் ஒருமுறையும் அதன் வழியாக ஒருமுறையும் ஒரே கோரிக்கையைக் கர்ல் என்ற கட்டளைக் கருவியைக் கொண்டு அனுப்பி, சர்வரில் வந்து சேர்ந்த ஹெடர்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வேறுபாடுகள் எவை என்று தெரிந்துவிட்டால் அவற்றைக் கழித்துப் படிக்கலாம்.

உலாவிக்கு முன்னால் ப்ராக்ஸியை வைக்க நேரும்போது வரும் வேறு சில குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் 302 (வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் மறுமொழி) தந்து, லொகேஷன் ஹெடரில் முழு முகவரியையும் எழுதியிருந்தால், உலாவி ப்ராக்ஸியை விட்டு நேராக அசல் போர்ட்டுக்குத் தாவிவிடும். அதன்பின் திரை வெறிச்சோடிக் கிடக்கும். உள்நுழைவுப் பக்கம் வரை எல்லாம் தெரிந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை என்பவர்கள் முகவரிப் பட்டையில் உள்ள போர்ட் எண்ணைப் பார்த்தாலே போதும். ஹோஸ்டை மாற்றாமல் அனுப்பினால் பெரும்பாலான ஃப்ரேம்வொர்க்குகள் ப்ராக்ஸியின் முகவரியையே லொகேஷனில் எழுதிவிடும். குக்கிகள் வேறு விதம். அவை போர்ட்டைப் பொருட்படுத்துவதில்லை. லோக்கல்ஹோஸ்டின் 5173-இல் வைக்கப்பட்ட குக்கி 9000-க்கும் போகும், ஆகவே உள்நுழைவு தொடரும். இங்கே பெயருக்குப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. லோக்கல்ஹோஸ்டில் வைத்த குக்கி 127.0.0.1-க்குப் போகாது. லோக்கல் ஸ்டோரேஜோ ஆரிஜினைச் சார்ந்தது. போர்ட் மாறினால் அது வேறு கிடங்கு. டோக்கனை அங்கே வைக்கும் செயலி 9000-இல் திறந்ததும் உள்நுழையாத நிலையில் நிற்கும். அது பிழை அன்று.

ஓடையாக வரும் மறுமொழிகளுக்குத் தனிக் கவனம் தேவை. மிட்ம்ப்ராக்ஸி இயல்பாக ஒரு மறுமொழியை முழுதாக வாங்கிய பிறகுதான் மறுபக்கம் கொடுக்கிறது. அப்போதுதான் அதைத் திருத்த முடியும் என்பதால் அந்த ஏற்பாடு. சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போன்ற முடிவில்லாத மறுமொழிகள் இதனால் உலாவியைச் சேராமலே நிற்கும். மொழி மாதிரிகளின் பதிலைச் சொல்சொல்லாகக் காட்டும் செயலிகளை இன்று பலரும் எழுதுவதால் இதைக் குறிப்பிடுகிறேன். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய உடல்களை ஓடையாகவே கடத்திவிடும் விருப்பம் உண்டு. அதில் அளவை 1 பைட் என்று வைத்தால் சிக்கல் தீரும், ஆனால் உடலை நடுவில் திருத்தும் வசதி போய்விடும். என்ஜின்எக்ஸும் இயல்பாக மறுமொழியை இடையகத்தில் தேக்கிவைக்கும். அங்கே எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் ஹெடரை நோ என்று சர்வர் அனுப்பினால் அந்த மறுமொழிக்கு மட்டும் தேக்கம் நீங்கும். வெப்சாக்கெட் இணைப்புகளை மிட்ம்ப்ராக்ஸி புரிந்துகொண்டு, செய்தி செய்தியாகக் காட்டுகிறது.

கைபேசிச் செயலிகளில்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸியின் அருமை தெரியும். ஆண்ட்ராய்டு 7 வெளிவந்த 2016 முதல், பயனர் நிறுவிய சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. ஃபார்வர்ட் ப்ராக்ஸியைக் கொண்டு எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பார்க்க விரும்புபவர் செயலியின் பாதுகாப்பு அமைப்பைத் திருத்தியாக வேண்டும். சொந்தச் செயலியாக இருந்தால் அடிப்படை முகவரியை ப்ராக்ஸிக்குத் திருப்புவது அதைவிட எளிது. எமுலேட்டரிலிருந்து உங்கள் கணினி 10.0.2.2 என்ற முகவரியில் தெரியும். உண்மையான கைபேசியை யூஎஸ்பியில் இணைத்திருந்தால், ஆண்ட்ராய்டின் ஏடிபி கருவியின் ரிவர்ஸ் கட்டளையைக் கொண்டு கைபேசியின் 9000-ஐக் கணினியின் 9000-க்குத் திருப்பிவிடலாம். வைஃபை முகவரியைத் தேட வேண்டியதில்லை, ப்ராக்ஸியை வலையமைப்பு முழுவதற்கும் திறந்துவிட வேண்டியதும் இல்லை. ஆண்ட்ராய்டு 9-ஐயோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட செயலிகள் வெற்று எச்டிடிபியை இயல்பாக மறுக்கும் என்பதால், பிழைதிருத்தப் பதிப்பில் மட்டும் அதை அனுமதியுங்கள்.

உங்கள் சர்வர் வெளியே பேசும் உரையாடலையும் இவ்வாறே பார்க்கலாம். கட்டண நிறுவனத்தின் ஏபிஐயை இலக்காக வைத்து இரண்டாவது ப்ராக்ஸி ஒன்றை 9001-இல் தொடங்கி, நிரலில் அடிப்படை முகவரியை மட்டும் அதற்கு மாற்றினால், நிரலிலிருந்து ப்ராக்ஸி வரை வெற்று எச்டிடிபி, ப்ராக்ஸியிலிருந்து வெளியே எச்டிடிபிஎஸ். இந்த முறை ஹோஸ்டை மாற்றும் இயல்பான நடத்தையை அப்படியே விட வேண்டும். கையொப்பமிடப்பட்ட கோரிக்கைகள் மட்டும் இதற்கு விலக்கு. அமேசானின் சிக்வி4 கையொப்ப முறையில் ஹோஸ்ட் ஹெடரும் கையொப்பத்துக்குள் சேர்கிறது. நிரல் லோக்கல்ஹோஸ்ட் என்று எண்ணிக் கையொப்பமிட, ப்ராக்ஸி ஹோஸ்டை மாற்ற, மறுமுனை கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். அங்கே ஃபார்வர்ட் ப்ராக்ஸிதான் சரி. வெளியிலிருந்து வரும் வெப்ஹுக்குகளை (ஒரு நிகழ்வை அறிவிக்கப் பிற சேவைகள் அனுப்பும் கோரிக்கைகளை) பிடித்துவைத்து மறுபடி அனுப்பும்போதும் இதை ஒத்த தொல்லை உண்டு. கட்டண நிறுவனமான ஸ்ட்ரைப் தன் கையொப்பத்தில் நேரத்தையும் சேர்க்கிறது. அதன் நூலகங்கள் இயல்பாக 5 நிமிடம் வரைதான் பொறுக்கும். காலையில் பிடித்ததை மாலையில் அனுப்பினால் கையொப்பச் சோதனை தோற்பது இயல்பு. உடலில் ஓர் இடைவெளி மாறினாலும் தோற்கும், ஆகவே ஜேசனை அழகுபடுத்திச் சேமித்து மறுபடி அனுப்பாதீர்கள்.

ப்ராக்ஸி காட்டுவதையே நம்ப முடியாத தருணங்களும் வரும். ஹெடர்களின் வரிசை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, துண்டுதுண்டாக வரும் உடலின் எல்லைகள், இணைப்பு எப்போது மூடப்பட்டது என்பன போன்றவற்றை எச்டிடிபியைப் புரிந்துகொள்ளும் எந்தக் கருவியும் தன் போக்கில் சீரமைத்துவிடும். அங்கே எச்டிடிபியே தெரியாத கருவிதான் நம்பகமானது. சோகேட் நிரலை விரிவாக அச்சிடும் விருப்பத்தோடு ஒரு போர்ட்டில் கேட்கவைத்து மற்றொன்றுக்குக் கடத்தினால், பைட்டுகள் வந்தபடியே போகும், போகிறபோது முனையத்திலும் அச்சாகும். டிஎல்எஸ் இல்லாத கண்ணிக்கு இது போதும். நேரத்தை அளக்க மட்டும் எந்த ப்ராக்ஸியையும் நம்பாதீர்கள். இணைப்புகளை அது தன் விருப்பப்படி திறந்து மூடுவதால், கிடைக்கும் எண்கள் உங்கள் செயலியுடையவை அல்ல.

கடைசியாக, பிடிபட்ட பதிவுகளைப் பற்றி. ஆத்தரைசேஷன் ஹெடர், அமர்வுக் குக்கி, படிவத்தில் தட்டச்சிட்ட கடவுச்சொல் எல்லாம் அவற்றில் திறந்தபடி இருக்கும். 2023 அக்டோபரில், உள்நுழைவுச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் நுழைந்தவர்கள், வாடிக்கையாளர்கள் பிழை காட்டுவதற்காகப் பதிவேற்றியிருந்த எச்ஏஆர் கோப்புகளில் (உலாவிப் போக்குவரத்தின் பதிவுகளில்) இருந்த அமர்வு டோக்கன்களைக் கைப்பற்றினார்கள். கிளவுட்ஃப்ளேர் உள்ளிட்ட நிறுவனங்கள் அதனால் தாக்குதலைச் சந்தித்தன. அந்தக் கோப்புகள் நீங்கள் டெவ்டூல்ஸிலிருந்தோ ப்ராக்ஸியிலிருந்தோ ஏற்றுமதி செய்யும் அதே வகைக் கோப்புகள்தான். சக பணியாளருக்கு அனுப்பும் முன் டோக்கன்களை நீக்குங்கள், பதிவுக் கோப்புகளின் பெயர்களைக் கிட் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இயன்றவரை சோதனைக் கணக்கைக் கொண்டே பிடியுங்கள். கேட்கும் முகவரியை 127.0.0.1 என்று மேலே எழுதச் சொன்னதும் இதற்காகவே; சொல்லாவிட்டால் மிட்ம்ப்ராக்ஸி கணினியின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் கேட்கும். பொது இணைய முகவரிகளிலிருந்து வருபவற்றை அது இயல்பாகத் தடுத்தாலும், அதே வைஃபையில் இருப்பவர்களைத் தடுக்காது. வேலை முடிந்ததும் வீட் அமைப்பில் இலக்கை மறுபடி 8000 ஆக்கிவிடுங்கள். அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால் அந்த முகவரியை ஒரு சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதிவைப்பது வசதி, 9000 என்ற எண் தவறுதலாக கமிட்டில் போய்ச் சேர்வதையும் அது தவிர்க்கும்.